எஞ்சின் நின்ற பிறகு நாலு நிமிஷம்

2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அந்தப் படம் பாளையங்கோட்டையில் நான் டீ குடிக்கிற கடைக்கும் வந்து சேர்ந்தது. கடைக்காரர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அண்ணாச்சி, நீங்க பிளேன் வேல பாத்தவுகல்லா, சொல்லுங்க. எஞ்சின் நின்னுட்டா தொப்புன்னு விழுந்துரும்லா? இவுக எப்படி ரோட்டுல கொண்டாந்து நிப்பாட்டுனாவ?”

வெளிமாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் பதினோரு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் நான். ஓட்டத் தெரியாது. பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்க மேலே கொண்டுபோகும்போது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போய்வந்திருக்கிறேன், அவ்வளவுதான். புதுக்கோட்டை விமானத்துக்கு என்ன ஆயிற்று என்பதை விசாரிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் வேலையை டீக்கடைப் பெஞ்சு ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தது. ஆனால் கடைக்காரர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, வந்துபோகிற ஏடிஆர் ரகப் பயணிகள் விமானங்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு எஞ்சின் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றதை வைத்துப் போய் இறங்க முடியும் என்று காட்டினால்தான் சான்றிதழே கிடைக்கும். நான் பேசுவது மூக்கில் ஒரே ஒரு எஞ்சின் வைத்த, ரெண்டு பேரோ நாலு பேரோ உட்காருகிற விமானத்தைப் பற்றி. உலகத்திலேயே அதிகம் செய்யப்பட்ட விமானம் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். செஸ்னா 172 என்று பெயர். 1956-இல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்து ஓடுபாதையில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியைக் கொண்டுவர தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயற்சி எடுத்திருக்கிறது. அது கூடி வந்தால் இந்த மாதிரிக் குட்டி விமானங்கள் கரிசல் காட்டுக்கு மேல் தினமும் வட்டமடிக்கும்.

முதலில் அந்தத் ‘தொப்பு’. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது எஞ்சின் இல்லை, இறக்கை. இறக்கைக்கு வேண்டியது ஓடுகிற காற்று. அந்த ஓட்டத்தை எஞ்சின் கொடுக்கலாம், சரிவும் கொடுக்கலாம். பாபநாசத்திலிருந்து மலை ஏறிய சைக்கிள்காரன் திரும்பி வரும்போது பெடலைத் தொடவே மாட்டான், சைக்கிள் பாட்டுக்கு ஓடும். எஞ்சின் நின்ற விமானமும் அப்படித்தான், காற்றிலேயே ஒரு சரிவைப் போட்டுக்கொண்டு இறங்கும். 172 ஓர் அடி கீழே இறங்கினால் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் எட்டுக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடலாம். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு மேலே நின்றால், பாளையங்கோட்டையைத் தாண்டி கேடிசி நகர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிட்டத்தட்ட நாலு நிமிஷம். ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேகம் 68 ‘நாட்’, அதாவது மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டரில் நிற்க வேண்டும். தரை நெருங்குகிறதே என்ற பயத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் போய்விடும். வேகம் போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது. அப்போது கடைக்காரர் சொன்ன ‘தொப்பு’ உண்மையாகிவிடும். எஞ்சின் நின்றதும் கை தானாக ஓட்டும் பிடியைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். அதை முன்னால் தள்ளிப் பழக்குவதுதான் பயிற்சியின் பெரும்பாதி.

மிச்சமிருக்கிற உயரத்தை நான் கோடையில் குளத்தில் கிடக்கிற தண்ணீர் மாதிரி நினைப்பேன். இனி வரத்து கிடையாது. எந்த மடையைத் திறக்கிறோம், எந்த வயலுக்குப் பாய்ச்சுகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் பாதியில் மாற்ற முடியாது. எஞ்சின் நின்று நடந்த சாவுகளைப் பற்றிக் கொட்டகையில் பேசுவோம், விசாரணை அறிக்கைகளையும் உட்கார்ந்து படிப்போம். உடைந்த பாகத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை எப்படிச் செலவழித்தார்கள் என்று ரெண்டு பக்கம் இருக்கும்.

சரி, எது எது பழுதாகும்?

எஞ்சின் சுத்தமாக உடைந்துபோவது எல்லாரும் நினைக்கிற அளவுக்குச் சாதாரணம் இல்லை. இந்த எஞ்சின்கள் பழைய காலத்து வடிவமைப்பு. நாலு சிலிண்டர், பக்கத்துக்கு ரெண்டாகப் படுத்திருக்கும், காற்றாலேயே குளிரும். ரேடியேட்டர் இல்லாததால் தண்ணீர்க் குழாய் வெடிக்கிற பேச்சே இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க, பேட்டரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ரெண்டு மேக்னெட்டோ. பழைய மொபெட்டில் பேட்டரி செத்துப் போனாலும் மிதித்தால் கிளம்பும் இல்லையா, அதே சங்கதிதான். ஒரு மேக்னெட்டோ மண்டையைப் போட்டால் மற்றது எஞ்சினை ஓட்டும். அதனால்தான் ஏறுவதற்கு முன்னால் எஞ்சினை நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார்கள். சுற்று 150-க்கு மேல் குறையக் கூடாது. ரெண்டுக்கும் நடுவே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. ஒன்றை அணைத்தும் சுற்று கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் சந்தோஷப்படுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெட்ட செய்தி. அணைத்தது அணையவில்லை என்று அர்த்தம். அந்த விமானத்தின் காற்றாடியைக் கீழே நின்று கையால் யாராவது திருப்பினால் எஞ்சின் கிளம்பிக் கையை வாங்கிவிடும்.

எஞ்சினை நிறுத்துவது பெரும்பாலும் அதற்குக் கிடைக்காத ஒன்றுதான். தொட்டியில் பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது ஒரு தொட்டியில் நிறைய இருந்தும் வால்வு மற்ற தொட்டியின் பக்கம் திரும்பியிருக்கும். இல்லாவிட்டால் பெட்ரோலோடு தண்ணீர் வந்திருக்கும்.

தண்ணீர் என்றதும் எனக்கு ஒரு காலை ஞாபகம் வருகிறது. ராத்திரி முழுக்க அடைமழை. வெளியே நின்ற ஒரு விமானத்தின் இறக்கை மேலிருக்கும் பெட்ரோல் தொட்டி மூடியில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்திருக்கிறது; எங்களுக்கு அது அப்போது தெரியாது. முதல் பறப்புக்கு முன்னால் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். 172-இன் புது மாடலில் இப்படிப் பிடிக்கிற இடங்கள் மட்டும் பதின்மூன்று. பையன் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். “சுத்தமா இருக்கு சார், அடியில கோடே இல்ல.” தண்ணீர் கலந்திருந்தால் கனம் கூடிய தண்ணீர் கீழேயும் பெட்ரோல் மேலேயும் நின்று நடுவில் ஒரு கோடு தெரியும் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். கோடு இல்லைதான். ஆனால் விமானப் பெட்ரோலுக்கு லேசான நீலச் சாயம் போட்டிருப்பார்கள். குப்பியில் நீலமும் இல்லை. வாங்கி உள்ளங்கையில் ஊற்றினேன். பெட்ரோலாக இருந்தால் சிலீரென்று குளிர்ந்து அடுத்த நொடி ஆவியாகிவிடும். இது வழிந்து முழங்கைக்குப் போயிற்று. குப்பி முழுக்கத் தண்ணீர். கலப்பே இல்லாத சுத்தமான மழைத் தண்ணீர், அப்புறம் கோடு எங்கிருந்து வரும்? அந்தத் தொட்டியில் நீலம் வரும்வரை எத்தனை குப்பி பிடித்துக் கொட்டினோம் என்று எண்ணவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிற நம்ம பக்கத்தில் பள்ளி வந்தால், முதலில் அந்த ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது பனிக்கட்டி. திருநெல்வேலிச் சீமையில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். பழைய 172-லும் அதன் தம்பியான 152-லும் கார்புரேட்டர்தான் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது. குறுகலான கழுத்து வழியாகக் காற்று பாயும்போது அழுத்தம் குறைந்து குளிரும்; பெட்ரோல் அங்கேயே ஆவியாவதால் இன்னும் குளிரும். மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறதோ அதே கணக்கு, ஆனால் பல மடங்கு வேகம். ரெண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே 25 டிகிரி, கடல் காற்றில் ஈரம் நிறைய என்றால் கார்புரேட்டரின் கழுத்துக்குள் பனி படிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். இறங்குவதற்காக எஞ்சின் விசையைக் குறைத்த நேரத்தில்தான் இது அதிகம். மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் வெயில் அடிக்கும் மதியத்தில், வியர்த்துக் கொட்டுகிற விமானியின் எஞ்சினுக்குள் பனிக்கட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு மருந்து ஒரு கைப்பிடி. இழுத்தால் புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும். ஆனால் இழுத்தவுடன் எஞ்சின் இன்னும் மோசமாக இருமும். உருகின தண்ணீர் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த இருமலுக்குப் பயந்து கைப்பிடியை மறுபடி உள்ளே தள்ளியவர்கள் உண்டு. மருந்து வேலை செய்கிற சத்தத்தை நோய் முற்றுகிற சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். பொறுத்தால் அரை நிமிஷத்தில் சரியாகும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டர் வாசலுக்குத் தெளிக்கிற புது எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் ரெண்டு முள்ளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அழுத்தம் காட்டும் முள் விழுந்து, சூடு காட்டும் முள் ஏறினால் ஆயில் உண்மையாகவே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த சில நிமிஷத்தில் எஞ்சின் இறுகிவிடலாம். அழுத்தம் மட்டும் விழுந்து சூடு அசையாமல் இருந்தால் முள்தான் பொய் சொல்கிறது என்று நம்ப இடமுண்டு. நம்பினாலும் பக்கத்தில் இருக்கிற ஓடுபாதையை நோக்கித் திரும்ப வேண்டியதுதான். கொட்டகையில் இதையே வேறு விதமாகப் படிப்போம். ஆயில் மாற்றும்போது பழைய வடிகட்டியை எறிந்துவிட மாட்டோம். அதற்கென்று உள்ள கட்டரால் டப்பாவை அறுத்து, உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் தாளை உருவி, வெயிலில் விரிப்போம். மடிப்புக்குள் மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை நீட்டுவோம். ஒட்டிக்கொண்டால் இரும்பு. உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றைத் தின்கிறது. அன்றைக்கு அந்த விமானத்துக்கு விடுமுறை.

இந்த எஞ்சின்களில் பலவற்றை 2,000 மணிநேரம் ஓடியதும் முழுசாகப் பிரித்து மறுபடி கட்டச் சொல்கிறார் செய்தவர். பிரித்துக் கட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடலோர விமானப் படையில் வாடிங்டன் என்ற விஞ்ஞானி பழுதுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். அட்டவணைப்படி பராமரிப்பு முடிந்து வெளியே வந்த உடனேதான் பழுதுகள் கூடியிருந்தன. பிறகு மெல்லக் குறைந்தன. நன்றாக ஓடுகிறதைப் பிரித்ததால் வந்த வினை. ஓடுகிற பம்புசெட்டை எதற்குக் கழற்றினாய் என்று எங்க அப்பா மெக்கானிக்கைத் திட்டுவார். அவருக்கு வாடிங்டனைத் தெரியாது. பெரிய வேலை முடிந்த விமானத்தில் முதலில் நாங்களே ஏறிப் போனதன் காரணமும் இதுதான்.

மின்சாரம் போவது, செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவி சாய்ந்துபோவது எல்லாம் பகல் வெளிச்சத்தில், மேகத்துக்கு வெளியே, பெரிய சங்கடம் இல்லை. பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் செத்தால் பேட்டரி அரை மணிநேரம் போலத் தாங்கும், எஞ்சின் மேக்னெட்டோவில் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோ ஊமையானால், ராடாருக்குப் பதில் சொல்லும் கருவியில் 7600 என்ற எண்ணைப் போட்டுவைத்தால் கட்டுப்பாட்டு அறைக்குப் புரியும். ஆபத்து என்றால் 7700. பறக்கும்போது கதவு திறந்துகொள்வதும் உண்டு. சத்தமும் காற்றும் பயமுறுத்தும், ஆனால் விமானம் பாட்டுக்குப் பறக்கும். கதவைச் சாத்தப்போய் விமானத்தை விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

குளவி மட்டும் தனிக் கதை. வேகம் காட்டும் கருவிக்குக் காற்று ஒரு சின்னக் குழாய் வழியாக வருகிறது. பென்சில் நுழைகிற அளவு துவாரம். மண்ணெடுத்து வீடு கட்டுகிற குளவிக்கு அதைவிட நல்ல மனை கிடைக்காது. 1996-இல் டொமினிக்கன் குடியரசில் ஒரு பெரிய போயிங் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஒரு வேகக் குழாய் அடைத்திருந்தது, அடைத்தது குளவியாக இருக்கலாம் என்றுதான் விசாரித்தவர்கள் முடிவு சொன்னார்கள். நிறுத்தியதும் அந்தக் குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டுவது இதற்காகத்தான். நம்ம ஊரில் ஒரு வாரம் ஓட்டாத ஸ்கூட்டர் சாவித் துவாரத்துக்கே குளவி குடிவந்துவிடுகிறது.

இதுவரை சொன்ன எதுவும் 3,000 அடியில் நடந்தால் சமாளிக்க நாலு நிமிஷம் உண்டு. 300 அடியில், கிளம்பின கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றால்? பின்னால் ஒரு நல்ல ஓடுபாதை கிடக்கிறது. முன்னால் பனங்காடு. திரும்பிவிடலாம் என்று மனசு சொல்லும். இந்த ஒரு ஆசை கொன்ற அளவுக்கு உடைந்த கிராங்க் ஷாஃப்டுகள் கொன்றிருக்காது என்பது என் எண்ணம்.

ஏன் திரும்ப முடியாது? திரும்ப வேண்டுமானால் இறக்கையைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் அதே எடையைத் தாங்க இறக்கைக்கு இன்னும் வேகம் வேண்டும். நேராகப் போகும்போது 172 தாக்குப்பிடிக்கும் குறைந்தபட்ச வேகம் 48 நாட். 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் அது 57 ஆகிவிடும். அவசரத்தில் 60 டிகிரி சாய்த்தால் 68. நழுவி இறங்குவதற்கு நல்ல வேகம் என்று மேலே சொன்னேனே, அதே 68. கையிருப்பு பூஜ்யம். தவிர, பின்னால் திரும்புவது அரை வட்டத்தோடு முடியாது. ஓடுபாதைக் கோட்டில் மறுபடி வந்து சேர இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும். அந்த வளைவில்தான் உட்பக்க இறக்கை விட்டுவிடுகிறது. அதனால் குறைந்த உயரத்தில் பாடம் ஒன்றே ஒன்று: மூக்கைத் தாழ்த்து, நேராகப் போ, வேண்டுமானால் வலமோ இடமோ 30 டிகிரிக்குள் ஒரு இடத்தைப் பார்.

அப்படியே திரும்பி வந்துவிட்டாலும் காற்று முதுகில் தள்ளும். நம்ம சீமைக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து வருகிற மேகாத்து, கடற்கரைக்காரர்கள் கச்சான் என்று சொல்கிறது, லேசுப்பட்டது இல்லை. அதை நம்பித்தான் கயத்தாற்றிலும் ராதாபுரம், பணகுடிப் பக்கமும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். 20 நாட் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். எஞ்சின் நின்ற விமானம் மேற்கே பார்த்துப் போனால் எட்டுக் கிலோமீட்டர் ஆறுகூட இல்லாமல் சுருங்கிவிடும். கிழக்கே பார்த்துப் போனால் பத்தரைக்கு நீளும். மேற்கே பொதிகை மலை நிற்கிறது, அகத்தியர் மலை 1,868 மீட்டர். அதைத் தாண்டி விழுகிற காற்று இந்தப் பக்கச் சரிவில் கீழ்நோக்கி அமுக்கும், சுழலும். ஆடியில் பாபநாசத்துக்கு மேலே எஞ்சின் நின்றால் மலையை மறந்துவிட்டு முதுகைக் காட்டிச் சமவெளிக்கு ஓட வேண்டும்.

ஆனால் தரையைத் தொடும்போது காற்றை எதிர்த்துத்தான் தொட வேண்டும். 50 நாட்டில் தொடுகிற விமானம், எதிர்க்காற்று 20 என்றால் தரையைப் பொறுத்தவரை 30 நாட்டில்தான் வருகிறது. மணிக்கு 55 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ வேகம். அதே காற்று பின்னால் இருந்தால் 70 நாட், மணிக்கு 130. மோதலில் கரைய வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அஞ்சு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே விமானம், ஒரே வயல், எந்தப் பக்கம் பார்த்து இறங்கினார் என்பது மட்டும்தான் வேறு.

காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று மேலிருந்து எப்படித் தெரியும்? நம்ம பக்கத்தில் இது சுலபம். காற்றாலையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. ஆனால் அதன் கிட்டே போகக் கூடாது. இப்போது நிறுத்துகிறவற்றின் இறக்கை நுனி 400 அடியையும் தாண்டி நிற்கிறது. குளத்தைப் பார்த்தாலும் தெரியும். காற்று நுழைகிற கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், எதிர்க்கரையில் அலை தெரியும். இல்லாவிட்டால் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

எங்கே இறக்குவது என்பதற்கு மாசத்தைக் கேட்க வேண்டும். தாமிரபரணிக் கரை முழுக்கப் பச்சையாகத் தட்டையாகத் தெரிவது வயல். கார், பிசானம் என்கிற நெல் பருவங்களில் தொழிச் சேற்றில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து விமானம் குட்டிக்கரணம் போடும். அறுவடை முடிந்த கோடைத் தாள் என்றால் நல்லது, ஆனால் வரப்பைக் கணக்கில் வைக்க வேண்டும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேலிருந்து மெத்தை மாதிரித் தெரியும். சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடி உப்பளங்கள் எல்லாவற்றையும்விடத் தட்டை. பாத்திக்குப் பாத்தி வரம்பு இருப்பது கிட்டே வந்தால்தான் தெரியும். காய்ந்த குளத்துப் படுகை அருமையான இடம், உடைமரமும் சீமைக்கருவேலும் ஏறாமல் இருந்தால். கோவில்பட்டிக் கரிசல் சித்திரையில் சிமெண்டுத் தரை, ஐப்பசியில் களி.

நாலு வழிச்சாலை? புதுக்கோட்டைப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். 172-இன் இறக்கை அகலம் 11 மீட்டர். சாலையின் நடுவே அரளிச்செடி, ஓரத்தில் விளக்குக் கம்பம், பச்சைப் பலகை, பஸ். எல்லாவற்றையும்விட மோசம் குறுக்கே போகிற மின்கம்பி. கூடங்குளத்திலிருந்தும் காற்றாலைகளிலிருந்தும் கிளம்புகிற கம்பிகள் இந்த மாவட்டத்தை வலை போட்டு மூடியிருக்கின்றன. மேலிருந்து கம்பி தெரியாது. கோபுரத்தைப் பார்த்துக் கம்பியை ஊகிக்க வேண்டும். சாலையில் போகிறவன் நம் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவன் இல்லை என்பதும் ஒன்று. வேறு இடமே இல்லை என்றால் சாலை. என் வாக்கு உழுது போட்ட மானாவாரிக் காட்டுக்குத்தான்.

கடைசி 500 அடியில் எஞ்சினைக் கிளப்பும் முயற்சியை விட்டுவிட வேண்டும். பெட்ரோல் வால்வை மூடி, மேக்னெட்டோவை அணைத்து, இறக்கையின் பின் ஓரத்துப் பலகையான பிளாப்பை இறக்கிய பிறகு மின்சாரத்தையும் நிறுத்துவார்கள். தீப்பிடிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். மோதலில் சட்டம் நெளிந்தால் சாத்திய கதவு பிறகு திறக்காது. இருக்கை வார் இறுகக் கட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம் விமானத்தைக் காப்பாற்றுகிற எண்ணமே வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிற விமானத்தை புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசையில் நிறுத்த வேண்டிய தூரம் சுமார் ஒன்பதே கால் அடிதான். 160 கிலோமீட்டர் என்றால் சுமார் முப்பத்தேழு அடி. இறக்கை ஒரு மரத்தில் கிழியட்டும், சக்கரம் வரப்பில் பிய்யட்டும். அந்த ஒன்பதே கால் அடியை அவை தின்றுகொண்டால் உட்கார்ந்திருக்கிறவர் நடந்து வெளியே வருவார்.

இவ்வளவையும் நாலைந்து நாளாக, டீயும் வடையுமாகக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் கேட்டார்.

“எல்லாம் சரி அண்ணாச்சி. இப்ப நம்ம பாளையங்கோட்டைக்கு மேல நின்னு போச்சு. நீங்க எங்கன எறக்கச் சொல்லுவிய?”

இதை நான் பல தடவை மனசுக்குள் இறக்கிப் பார்த்திருக்கிறேன். சீவலப்பேரி ரோட்டில் ஒரு மானாவாரிக் காடு. மேற்கே பார்த்து நீளம், உழவுச் சாலும் அதே திசை, கம்பம் கிடையாது, ஓரத்தில் மட்டும் நாலைந்து பனை. பைக்கில் போகும்போதெல்லாம் கண்ணால் அளந்து வைத்த இடம். அடையாளம் சொன்னேன்.

அவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“அந்தக் காடா? எங்க மாமா காட்டுக்குப் பக்கத்துக் காடுல்லா அது. நட்ட நடுவுல கிணறு கெடக்கே அண்ணாச்சி. கைப்பிடிச் சுவருகூடக் கிடையாது, சுத்திப் புல்லு முளச்சிக் கெடக்கும்.”